யோகம் டீச்சரின் கம்பளிப் பெட்டி

யோகத்தைப் பத்தி யாராவது 'சாதுப் பொண்ணு'ன்னு சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். மலாயாவுல, சிகாமட் ரயில்வே குவாட்டர்ஸ்ல எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலி, வேலியில ஒரு ஓட்டை. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அந்த ஓட்டை வழியா குனிஞ்சு வந்து என் அடுப்படியில உக்காந்து பேசிட்டுப் போனவ அவ. பார்க்க ஒல்லிக்குச்சியா இருப்பா. ஆனா ஒண்ணைப் பிடிச்சான்னா உடும்புப் பிடிதான், யார் வந்து இழுத்தாலும் விட மாட்டா.

அவளோட அப்பா வைத்தியலிங்கம்தான் ஸ்டேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். என் வீட்டுக்காரர் தங்கராஜு அவருக்குக் கீழ பாயிண்ட்ஸ்மேன். அவரு சொன்னா இவரு போய்த் தண்டவாளத்தை மாத்தி விடணும். ஆம்பிளைங்களுக்குள்ள அந்த மேல் கீழ் எல்லாம் உண்டு. யோகத்துக்கும் எனக்கும் அதெல்லாம் கிடையாது. என்னைவிடப் பத்து வயசு சின்னவ, என்னைக் 'கிருஷ்ணம்மாக்கா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே என்னையே அதட்டுவா.

பள்ளிக்கூடத்துல அவ டீச்சரான கதையும் அப்படித்தான். சின்னப் பிள்ளைங்க வகுப்பு டீச்சர் காய்ச்சல்ல படுத்துட்டாங்க. யாரும் கேக்கல, யாரும் அனுப்பல. யோகம் அப்ப பெரிய வகுப்புல படிச்சிட்டிருந்தவ, நேரா போயி அந்த வகுப்புல நின்னுட்டா. தலைமை டீச்சர், பெரிய மிஸ்னு கூப்பிடுவாங்க, வந்து பார்த்தப்ப பிள்ளைங்க எல்லாம் வரிசையா உக்காந்து புளியங்கொட்டையை வச்சு கூட்டல் போட்டுக்கிட்டு இருந்திச்சுங்க. அதுலேருந்து அந்த வகுப்பு அவளோடது. ஆனா கையில சான்றிதழ் இல்லை. பாதிச் சம்பளம்தான். எந்த வருசம் வேணும்னாலும் 'நீ போம்மா'ன்னு சொல்லிடலாம். இது அவளுக்குத் தொண்டையில முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

முப்பத்து நாலாம் வருசம் பெரிய மிஸ் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாங்களாம். சிலோன்ல, ஹட்டன் பக்கம் மலைமேல, சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தப் பழக்குற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. ஆறு மாசப் படிப்பு. ஒரு இடம் வாங்கித் தர்றேன். முடிச்சிட்டு வந்தா நீ நிரந்தர டீச்சர், உன்னை யாரும் அசைக்க முடியாதுன்னு. அன்னைக்கு வேலி ஓட்டையில குனியக்கூட இல்லை அவ. வேலிக்கு மேலயே கத்திச் சொன்னா.

வீட்டுல சம்மதிப்பாங்களான்னு நான்தான் பயந்தேன். கல்யாண வயசுப் பொண்ணைக் கப்பல்ல ஏத்தி விடுவாங்களா? ஆனா பாருங்க, சிலோன்னு சொன்னதும் அவங்க அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துடுச்சு. கமலாம்பிகைன்னு பேரு, நாங்க எல்லாரும் மாஸ்டரம்மான்னுதான் கூப்பிடுவோம்.

"எங்கட நாடுதானே," அப்படின்னாங்க. "போகட்டும். எங்கட வெயில் பட்டா இவளின்ர நெஞ்சு காயும். இந்த ஊர் ஈரத்திலதான் வாடிப்போய்க் கிடக்கிறாள்."

மாஸ்டரம்மாவுக்கு சிலோன்னா அது அவங்க பிறந்த ஊரு மட்டும்தான். பனைமரம், மணல், வெயில். அதைத் தாண்டி அந்த நாட்டுல மலை இருக்கு, மலைமேல குளிரு இருக்குன்னு அவங்க மனசுல ஏறவே இல்லை. மாஸ்டரு அதுக்கு மேல. "ஹட்டனோ? அங்க ஸ்டேசன் இருக்கு. நல்ல இடம்," அப்படின்னுட்டாரு. ரயில் நிக்குற ஊரெல்லாம் அவருக்கு நல்ல ஊருதான்.

மறுநாள் யோகம் என் அடுப்படிக்கு வந்தப்ப முகம் சரியில்லை.

"அக்கா, அங்க விடியக்காலமை வாயைத் திறந்தா புகை வருமாம். கம்பளி உடுப்பு இல்லாமல் வராதை எண்டு பெரிய மிஸ் சொல்லுறா. போன முறை போன பிள்ளை ஒண்டு நெஞ்சுச் சளியோட பாதியில திரும்பி வந்திட்டுதாம்."

"அப்போ அம்மாகிட்ட சொல்லி வாங்கிக்க வேண்டியதுதானே?"

"குளிர் எண்டு தெரிஞ்சா அம்மா என்னைக் கப்பல் ஏற விடமாட்டா. அது உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். குவாட்டர்ஸ்ல தெரியாத ஆள் கிடையாது. யோகத்துக்கு ஒரு அக்கா இருந்தா, ஞானேஸ்வரின்னு. இருபத்தாறாம் வருசத்துப் பெரிய வெள்ளத்துல, நான் இங்க வர்றதுக்கு முந்தி, ஆத்துத் தண்ணி குவாட்டர்ஸ் கூரை வரைக்கும் ஏறிடுச்சாம். மாஸ்டரு லைன்ல எங்கேயோ மாட்டிக்கிட்டாரு. மாஸ்டரம்மா ரெண்டு பொண்ணுங்களையும் இழுத்துக்கிட்டு மேட்டுல நின்ன திறந்த கூட்ஸ் வண்டியில ஏறி, மழையில விடிய விடிய நனைஞ்சிருக்காங்க. அதுல பெரியவ மார்ச்சளி பிடிச்சுச் செத்துப்போயிட்டா. யோகமும் மாசக்கணக்குல இருமிக்கிட்டே கிடந்து பிழைச்சா.

அதுலேருந்து அந்த வீட்டுல ஐஸ் தண்ணி கிடையாது. சாயங்காலம் தலைக்குக் குளிக்கக் கூடாது. ரெண்டு தூத்தல் விழுந்தா போதும், எல்லா ஜன்னலையும் அடைச்சிடுவாங்க. உள்ள போனா இட்டிலிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். அந்த அம்மா மேல எனக்குக் கோபமும் வரும், பாவமாவும் இருக்கும்.

"சரி, உன் பெட்டி என் வீட்டுல இருக்கட்டும்லா," அப்படின்னேன். மறைச்சது சரியா தப்பான்னு இப்போ என்னைக் கேட்டா, சரின்னுதான் சொல்லுவேன். அவ போயே ஆகணும்.

அன்னைக்கே ஒரு தகரப் பெட்டி என் கட்டிலுக்கு அடியில வந்து உக்காந்துச்சு. ஆனா சிகாமட்டுல கம்பளிக்கு எங்க போறது? துணிக்கடையில கேட்டா 'காய்ச்சலா?'ன்னு கேக்குறான். இந்த ஊருல கம்பளி போர்த்துறவங்க ராத்திரிக் காவலுக்கு நிக்குற சிங்கு ஜாகாக்காரங்க மட்டும்தான். அவங்களுக்குன்னு சைக்கிள்ல மூட்டை கட்டி வர்ற ஒருத்தரை யோகம் ரோட்டுல மடக்கிட்டா. சாம்பக் கலருல ஒரு பெரிய சால்வை வாங்கினா. பேரம் பேசுன பேச்சுல அந்த மனுசன் தலைப்பாகையைக் கழட்டி வேர்வை துடைச்சாரு. காலுறைக்கு நூல் வாங்கி, பின்னல் ஊசியோட என் வீட்டுல உக்காந்து அவளே பின்னினா. ஒரு கால் பெருசு, ஒரு கால் சிறுசு. "மலை ஏறேக்க கால் வீங்கும், அப்ப சரியா வரும்," அப்படின்னு சொல்லிட்டு ரெண்டையும் பெட்டியில வச்சுட்டா.

கோட்டு கிடைச்சதுதான் பெரிய அதிர்ஷ்டம். பக்கத்து எஸ்டேட்டுத் துரை வேலை போயி சீமைக்குத் திரும்பினாரு. சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்துச்சு. அதுல துரைசாணியோட கம்பளிக் கோட்டு ஒண்ணு, காப்பிக் கொட்டை நிறத்துல, முழங்கால் வரைக்கும். யோகம் போட்டுப் பார்த்தா. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கே கண்ணு பட்டுடும் போல இருந்துச்சு.

அங்கதான் எங்க புத்தி வேலை செஞ்சுது. 'வேற ஆள் போட்ட உடுப்பைக் கொதிக்க வைக்காமல் உடுத்தப்படாது, கிருமி இருக்கும்'னு யோகம் சுகாதாரப் பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டா. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறவ ஆச்சே. நானும் சரின்னு அண்டாவுல தண்ணி ஊத்தி, சோடா உப்பைப் போட்டு, வேட்டியை அவிக்கிற மாதிரி அந்தக் கோட்டை நல்லா அவிச்சு எடுத்தேன். அப்புறம் கல்லுல வச்சு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சோம். பிறந்ததுலேருந்து பருத்தித் துணி தவிர வேற எதையும் துவைக்காத ஊரு இது. கம்பளிக்கு வேற முறை இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

கொடியில போட்டுட்டு மத்தியானம் போயி பார்த்தா, கோட்டு இடுப்புக்கு மேல ஏறி நிக்குது. கை முழங்கைக்கே காணலை. துணி சாக்குப் பை மாதிரி திண்ணுன்னு தடிச்சுப் போயிருந்துச்சு. யோகம் அதையே பார்த்துக்கிட்டு நின்னா. அழுவான்னு நினைச்சேன்.

"பத்து வயசுப் பிள்ளைக்குச் சரியா வரும்," அப்படின்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவளும் சிரிச்சா. ரெண்டு பேரும் கல்லு மேல உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

சிரிச்சுக்கிட்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் மாஸ்டரம்மா நின்னாங்க. எப்போ வந்தாங்கன்னு தெரியலை. எங்களைப் பார்க்கலை. கொடியில தொங்குன அந்தச் சின்னக் கோட்டைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"ஆருக்கு இது?" அப்படின்னு கேட்டாங்க.

அந்தக் கோட்டோட அளவைப் பார்த்தா ஒரு சிறுமிக்குத் தைச்ச மாதிரியே இருந்துச்சு. அவங்க செத்துப்போன பெரியவளைத்தான் நினைச்சாங்கன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது.

யோகம் எழுந்து நின்னு நேரா சொல்லிட்டா. "எனக்கு வாங்கினது அம்மா. அவிச்சு அடிச்சுச் சுருங்கிப்போச்சு. நான் போற இடம் குளிர். நல்ல குளிர்."

மாஸ்டரம்மா கத்துவாங்கன்னு பார்த்தேன். கத்தலை. "அப்ப நீ போகேல்லை," அப்படின்னாங்க. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீரும் சேர்ந்தோ கிருஷ்ணம்மா?" அப்படின்னாங்க. அதுக்கு அவங்க என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

ராத்திரி அந்த வீட்டுல நடந்த பேச்சு எங்க வீட்டுக்கே கேட்டுச்சு. ஜன்னலெல்லாம் அடைச்சிருந்தும் கேட்டுச்சு. மாஸ்டரு என்ன சொன்னாருன்னு தெரியாது, அவரு எப்பவுமே ஒண்ணும் சொல்றதில்லை. யோகத்தோட குரல் மட்டும் தெளிவா வந்துச்சு.

"நான் உங்களிட்ட ஒளிச்சது பிழை. அதுக்குப் பேசுங்கோ. ஆனா போறன் எண்டதில மாற்றமில்லை. என்ர நெஞ்சு இப்ப நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கோ? குளிர் எண்டா என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியேல்லை. நீங்கள் விட்டாத்தானே தெரியும்."

அப்புறம் மாஸ்டரம்மா சொன்னாங்க. "சரி. ஐஸ் கொம்பனி இருக்குதெல்லோ. நீ சேர்த்து வச்ச உடுப்பெல்லாத்தையும் போட்டுக்கொண்டு அங்க போய் இரு. இருமினவை போகேலாது. ஒருக்கா இருமினாலும் பெட்டியை அவிழ்க்கிறது."

இவ தோத்துடுவான்னு நினைச்சுத்தான் சொல்லியிருக்காங்க. "ஓம்," அப்படின்னு உடனே சொல்லிட்டா யோகம்.

கோட்டு போச்சே, என்னத்தைப் போட்டுக்கிட்டு உக்காருவா? விடிஞ்சதும் அந்தச் சுருங்கின கோட்டை எடுத்து மடியில போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் யோசிச்சோம். யோகம் அதை விரிச்சு வாயால ஊதிப் பார்த்தா. காத்து அந்தப் பக்கம் போகவே இல்லை. "வெட்டுங்கோ அக்கா," அப்படின்னா. கையை வெட்டித் தள்ளிட்டு, ரெண்டு பக்கமும் பிரிச்சு பட்டை போட்டு, ரவிக்கைக்கு மேல போடுற மாதிரி கையில்லாத சட்டையா தைச்சுக் குடுத்தேன். என் மெஷின் ஊசி மூணு உடைஞ்சுது. வெட்டின கைத்துணியில மணிக்கட்டுக்கு ரெண்டு உறை தைச்சோம். எல்லாத்தையும் போட்டுக்கிட்டு, மேல சால்வையும் போர்த்திக்கிட்டு, சிகாமட் வெயில்ல பாசார் ரோட்டுல நடந்தா பாருங்க. ரோட்டுல போன அத்தனை பேரும் நின்னு பார்த்தாங்க. அவ தலையை நிமித்திக்கிட்டே நடந்தா. பின்னாடி மாஸ்டரம்மா, அவங்களுக்குப் பின்னாடி நான்.

ஐஸ் கம்பெனி ஆத்தங்கரையில இருந்துச்சு, மீன்காரங்களுக்காக ஒரு சீன முதலாளி நடத்துனது. தவுக்கேன்னுதான் கூப்பிடுவோம். விசயத்தைச் சொன்னதும் எங்களை மேலயும் கீழயும் பார்த்தாரு. பைத்தியம்னு நினைச்சிருப்பாரு, நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆனா ஸ்டேசன் மாஸ்டரு வீடுன்னதும் ஒண்ணும் சொல்லலை. ஐஸ் கட்டிங்களை மரத்தூளுக்குள்ள புதைச்சு அடுக்கி வச்சிருந்த அறையைத் திறந்து விட்டாரு. ஒரு லாந்தரைக் குடுத்தாரு.

மாஸ்டரம்மா வாசல்ல நின்னே பார்க்கிறதா இருந்துச்சு. "கதவு திறந்திருந்தா ஐஸ் உருகிடும்," அப்படின்னு தவுக்கே மலாயில சொல்லிட்டாரு. உள்ள வரணும், இல்லைன்னா வெளியில நிக்கணும். மகளைத் தனியா அந்த அறைக்குள்ள விட அவங்களுக்கு மனசில்லை. மெல்லிசு நூல் சேலையோட உள்ள வந்துட்டாங்க. நானும் வந்தேன். தவுக்கே கதவைச் சாத்திட்டாரு.

உள்ள போனதும் முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரத்துலயே என் பல்லு தந்தி அடிக்க ஆரம்பிச்சுது. யோகம் ஒரு சாக்கு மூட்டை மேல காலை மடக்கி உக்காந்துட்டா. வாயைத் திறந்து ஊதினா, புகை வந்துச்சு. அதைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோசம்.

"இருமல் வந்தா மறைக்காதை," அப்படின்னாங்க மாஸ்டரம்மா.

"மறைக்கமாட்டன்."

நேரம் போச்சு. யோகம் இருமலை. மாஸ்டரம்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க, அப்புறம் மகள் பக்கத்துல உக்காந்துட்டாங்க. உடம்பு கிடுகிடுன்னு ஆடுது. யோகம் சால்வையில பாதியை எடுத்து அவங்க மேல போடப் போனா.

"வேண்டாம். நீ போர்த்திக்கொண்டு இரு."

"அம்மா, நடுங்கிறியள்."

"நடுங்கட்டும். அண்டைக்கு அவளும் இப்பிடித்தானே நடுங்கினவள். எங்களிட்ட இருந்தது ஒரு போர்வைதான். நனையாதது அது ஒண்டுதான். நீ சின்னவள் எண்டு உன்னைத்தான் அதால சுத்தினன். அவள் ஒண்டும் கேக்கேல்லை."

நான் இதுவரைக்கும் கேள்விப்படாத விசயம். யோகத்துக்கும் தெரியாதுன்னு அவ முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுது.

"அவளை விட்டுப்போட்டு உன்னைக் காப்பாத்தி வச்சிருக்கிறன்," அப்படின்னாங்க. "உனக்கும் ஒண்டு நடந்தா, நான் அண்டைக்குச் செய்ததுக்கு என்ன அர்த்தம் பிள்ளை? எனக்குப் பயமா இருக்கு."

யோகத்துக்குக் கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுது. ஆனா குரல் உடையலை. அதுதான் அவ.

"அம்மா, அக்காவின்ர பங்குப் போர்வையிலயும் சேர்த்துத்தான் நான் உயிரோட இருக்கிறன் எண்டா, அதை நான் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ள இருந்தே முடிக்கவோ? பயந்து பயந்தோ? எனக்கு அது ஏலாது. நான் போய்ப் படிச்சு, சுகமாத் திரும்பி வந்து உங்களுக்கு முன்னால நிப்பன்."

மாஸ்டரம்மா மகளோட முகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அவங்களுக்கு இருமல் வந்துச்சு. மரத்தூளா, குளிரா தெரியலை, அடக்கப் பார்த்தும் முடியலை. குனிஞ்சு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமினாங்க. யோகம் முதுகைத் தடவி விட்டா. இந்த முறை சால்வையைக் கேக்காமலே எடுத்து ரெண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தினா. அவங்க தள்ளலை.

இருமல் நின்னதும் மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டாங்க. "இருமினவை போகேலாது எண்டு நான்தானே சொன்னனான்?"

"ஓம் அம்மா."

"அப்ப நான் போகேலாது," அப்படின்னாங்க. "நீ போ."

நான் எழுந்து போயி, தவுக்கே வந்து திறக்குற வரைக்கும் கதவைத் தட்டினேன்.